தோன்றா எழுவாய்

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுத் துறையின் தலைமை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். அரசின் செலவுகளை ஆராயும், மக்கள் பிரதிநிதிகளின் பொதுக் கணக்குக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய பதில்களைத் தயாரிக்கும் வேலை அப்போது என் மேசைக்கு வந்தது. அதற்கென்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் இருந்தது. முதல் கட்டத்தில் தணிக்கை அறிக்கையின் பத்தி எண், இரண்டாவதில் ஆட்சேபணையின் சுருக்கம், மூன்றாவதில் துறையின் விளக்கம், நான்காவதில் எடுக்கப்பட்ட நடவடிக்கை. நான் பதில் எழுத வேண்டியிருந்த பத்தி, வாங்கப்பட்டும் நிறுவப்படாமல் கிடந்த சில கருவிகளைப் பற்றியது. கட்டடம் தயாராகும் முன்பே கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன. கட்டடம் முடிந்தபோது உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. பெட்டிகள் பிரிக்கப்படாமலே ஒரு கிடங்கில் இருந்தன.

மூன்றாவது கட்டத்தில் நான் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது: "நிருவாகக் காரணங்களால் காலதாமதம் ஏற்பட்டது." நான்காவது கட்டத்தில்: "இனிவரும் காலங்களில் இத்தகைய நிகழ்வுகள் தவிர்க்கப்படும்." இரண்டும் பிரிவு அலுவலரிடமிருந்து செயலாளர் வரை சென்று, ஒரு சொல்லும் மாறாமல் ஒப்புதலோடு திரும்பின. அந்த இரண்டு வாக்கியங்களிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் மனிதர் யாரும் இல்லை. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. "வந்தேன்" என்றால் வந்தது யார் என்பது வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். கோப்பு நடையில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. முடிவு எடுக்கப்பட்டது, ஆணை வழங்கப்பட்டது, தாமதம் ஏற்பட்டது. எடுத்தவர் யார், வழங்கியவர் யார், ஏற்படுத்தியவர் யார் என்பதை எந்த வினைமுற்றிலிருந்தும் மீட்டெடுக்க முடியாது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, அரசின் உயர் அலுவலர்களைக் கேள்வி கேட்கும் முறையில் எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: கேள்விகள் துறையிடம் கேட்கப்படுகின்றன, பதில்கள் துறையிடமிருந்து வருகின்றன, கையெழுத்திட்டவர் எங்கும் தென்படுவதில்லை.

இந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் இப்படி ஆகட்டும் என்று அமைக்கவில்லை. அவையின் ஒப்புதலின்றி அரசு ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது. ஒப்புதல் பெற்ற பணம் அந்த நோக்கத்துக்கே செலவானதா என்பதை அரசைச் சாராத ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். அவருடைய அறிக்கையை அவையின் குழு ஒன்று ஆராய வேண்டும். இந்தச் சங்கிலிக்கு பிரிட்டனில் வித்திட்டவர் அன்றைய நிதி அமைச்சர் கிளாட்ஸ்டன். 1861இல் அங்கே பொதுக் கணக்குக் குழு அமைந்தது. இந்தியாவில் 1921இல் வந்தது. ஆனால் அப்போது நிதித் துறைப் பொறுப்பாளரே அதன் தலைவராக இருந்தார், அதாவது கணக்குக் காட்ட வேண்டியவரே கணக்குக் கேட்பவராகவும் இருந்தார். 1950இல்தான் அது அவைத்தலைவரின் கட்டுப்பாட்டில் இயங்கும் உண்மையான நாடாளுமன்றக் குழுவாக மாறியது. இன்று அதில் மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் தலைவராவது மரபாக உள்ளது. மாநிலப் பேரவைகளிலும் இதே அமைப்பு இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1949இல் பேசிய அம்பேத்கர், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அரசியலமைப்பின் மிக முக்கியமான அலுவலராக இருக்கக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். அந்த அலுவலரின் அறிக்கை அவைக்கு வந்து சேர்வதற்கு அரசியலமைப்பின் 151ஆம் பிரிவு எந்தக் காலக்கெடுவையும் வைக்காமல் போனது, பின்னாளில் பெரிய ஓட்டையாக ஆயிற்று.

உயர் அலுவலர் ஒருவர் தம் முடிவுக்காக நேரடியாகப் பொதுமக்கள் முன் நின்ற காட்சி நம் நாட்டு வரலாற்றில் மிக அரிது. அதில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொறுப்பு என்ற சொல்லின் எல்லாச் சிக்கல்களும் அதில் இருக்கின்றன. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1957 ஜூன் மாத இறுதியில், அக்கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. இத்தகைய முதலீடுகளைப் பரிசீலிக்கவென்றே கழகத்தில் ஒரு குழு இருந்தது. அதைக் கலந்தாலோசிக்காமலே வாங்குதல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் இதை எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர்; ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. தம் கட்சி அரசைத் தாமே கூண்டில் ஏற்றும் துணிவு ஓர் உறுப்பினருக்கு இருந்தது என்பதை இன்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

அரசு, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக நியமித்தது. அவர் விசாரணையைக் கதவு திறந்து நடத்தினார். திரண்ட கூட்டத்துக்குக் கேட்கும்படி வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும், நிதித் துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலும், கழகத்தின் தலைமை அலுவலர்களும் மக்கள் கேட்கச் சாட்சியம் அளித்தார்கள். அமைச்சர், இந்த முதலீட்டுக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை என்றார். செயலாளரோ, அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார். இருவருக்கும் இடையே நடந்ததாகச் சொல்லப்பட்ட பேச்சு எழுத்தில் இல்லை. ஜனவரியில் நடந்த விசாரணையின் அறிக்கை பிப்ரவரியிலேயே வெளிவந்தது. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பின்படி முழுப் பொறுப்பு, அலுவலரின் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்று சாக்ளா முடிவு செய்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். படேல் தனி விசாரணையைச் சந்தித்து, பிறகு அரசுப் பணியை விட்டு விலகி அரசியலுக்கு வந்து, 1977இல் மொரார்ஜி தேசாயின் அமைச்சரவையில் அதே நிதித் துறைக்கு அமைச்சரானார்.

சாக்ளா வகுத்த நெறி அமைச்சரைப் பொறுத்தவரை சரியானது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காலப்போக்கில் அந்த நெறியின் நிழலில் வேறொன்று வளர்ந்தது. அமைச்சர் அவையில் பதில் சொல்கிறார். அங்கே அவர் "இது அலுவலர் அளவில் எடுக்கப்பட்ட முடிவு" என்று நகர்ந்துவிட முடிகிறது. பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களின் முன் அமைச்சர்களைச் சாட்சியாக அழைப்பதில்லை, செயலாளர்தான் வருகிறார். அங்கே அவர் "இது கொள்கை முடிவு, நான் கருத்துச் சொல்ல இயலாது" என்று ஒதுங்கிவிட முடிகிறது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பொறுப்பு விழுந்துவிடுகிறது. பிரிட்டனில் 1954இல் கிரிச்சல் டவுன் என்ற இடத்து நிலத்தை உரியவருக்குத் திருப்பித் தருவதில் அலுவலர்கள் நடந்துகொண்ட முறைக்காக வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அமைச்சர் விலகியதோடு விவகாரம் முடிந்ததாகப் பலரும் கருதினார்கள். ஒருவர் பதவி இழப்பதும், நடந்தது என்ன என்று விளக்கம் கிடைப்பதும் ஒன்றல்ல. பதவி விலகல் பல நேரங்களில் விளக்கத்துக்கு வைக்கப்படும் முற்றுப்புள்ளியாகவே ஆகிவிடுகிறது.

இந்த இடைவெளியை அடைக்க ஓர் எளிய கருவி இருக்கிறது. அதற்குப் பெயர் எழுத்து. பிரிட்டனில் ஒவ்வொரு துறையின் நிரந்தரச் செயலாளரும் அத்துறையின் கணக்குக்கு நாடாளுமன்றத்திடம் தனிப்பட்ட முறையில் பொறுப்பானவர். அமைச்சர் சொல்லும் செலவு பணத்துக்கேற்ற பயனைத் தராது என்று அவர் கருதினால், எழுத்துமூலமான ஆணை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆணை வந்தபின் அவர் அதைச் செயல்படுத்துவார், பொறுப்பு அமைச்சருடையதாகிவிடும். மலேசியாவில் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி வழங்கும் திட்டம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வெளிநாட்டு உதவித் துறையின் செயலாளர் டிம் லாங்கெஸ்டர், அந்தத் திட்டம் பொருளாதார அடிப்படையில் நியாயமற்றது என்று எதிர்த்தார். 1991இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்தில் ஆணையிட்டார். பின்னர் தேசியத் தணிக்கை அலுவலகமும் பொதுக் கணக்குக் குழுவும் அதை எடுத்துக்கொண்டபோது, யார் என்ன சொன்னார்கள் என்பதில் ஐயமே இல்லை, தாளில் இருந்தது. 1994இல் நீதிமன்றம் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது.

நம்மிடம் இப்படி ஒரு விதி இல்லையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் மூன்றாவது விதியே இதைச் சொல்கிறது. மேலதிகாரியின் ஆணை வழக்கமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால் உடனடியாக எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஆணையைப் பெற்றவரும் அந்த உறுதிப்பாட்டைக் கேட்டுப் பெற வேண்டும். 2013 அக்டோபரில், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற பிற அலுவலர்களும் தொடுத்த வழக்கில், வாய்மொழி ஆணைகளின் அடிப்படையில் அலுவலர்கள் செயல்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அடிக்கடி பந்தாடப்படாமல் குறைந்தபட்சப் பணிக்காலம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னது. விதி இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. இருந்தும் "ஐயா சொல்லிவிட்டார், போட்டுவிடுங்கள்" என்ற தொலைபேசிச் சொல்லில் கோப்பு நகர்வதைப் பார்க்காத அலுவலக உதவியாளர் எவரும் இருக்க மாட்டார். அந்தத் தொலைபேசி அழைப்பு ஒருநாளும் குறிப்புப் பக்கத்தில் ஏறுவதில்லை.

உயர் அலுவலர்களைக் கடுமையாகக் கேள்வி கேட்டால் அவர்கள் முடிவெடுக்கவே அஞ்சுவார்கள், கோப்புகள் தேங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் எளிதில் ஒதுக்கித் தள்ளவில்லை. 1949 அக்டோபரில் சர்தார் படேல், மனத்தில் பட்டதை அச்சமின்றி எடுத்துச் சொல்லும் சுதந்திரமுள்ள அகில இந்தியப் பணி இல்லாமல் ஒன்றுபட்ட இந்தியா இருக்காது என்று வாதாடினார். அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்படாமல் அலுவலருக்குக் காப்பளிப்பதும் அதே நோக்கத்தில்தான். ஆனால் அந்தக் காப்பு எதற்காகத் தரப்பட்டது? எதிர்த்துச் சொல்வதற்காக. எதிர்த்துச் சொன்னவர் அதை எழுதி வைத்திருந்தால், அவருக்குக் குழுவின் விசாரணை அச்சமூட்டும் ஒன்றாக இருக்கவே முடியாது; அது அவருக்குத் துணை. நேர்மையாக எடுத்த முடிவு பின்னால் பலிக்காமல் போவது குற்றமல்ல, அதைக் குற்றமாக்கும் குழு தன் கடமையை மறந்த குழு. நான் கேட்பது தண்டனையை அல்ல. அன்று உங்கள் கையில் என்ன தகவல் இருந்தது, யார் என்ன சொன்னார்கள், ஏன் அந்த முடிவை எடுத்தீர்கள் என்பதற்கான விளக்கத்தை மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, நம் நிருவாகத்தில் அதுவரை அரிதாக இருந்த ஒரு விதி வந்தது. 30 நாள்களுக்குள் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலர், தக்க காரணம் காட்டாவிட்டால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தம் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும். துறை அல்ல, அந்த மனிதர். பெரும்பாலான அலுவலகங்களில் அந்தப் பொறுப்பு இடைநிலை அலுவலர்களின் தலையில் விழுகிறது. குடிமகன் ஒருவரின் விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லத் தவறும் இடைநிலை அலுவலருக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரைக்கு ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்பு அனுப்பத் தவறும் துறையின் செயலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. பதவி உயர உயரப் பொறுப்பு பொதுவாகிக்கொண்டே போகும் இந்த ஏற்பாட்டை, அரசு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் நான் அநீதி என்றே சொல்வேன்.

சரி, குழுக்கள் தம் கையில் உள்ளதையாவது பயன்படுத்துகின்றனவா? மக்களவை விதிகளின்படி குழுக்களின் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. சாட்சியம் அவையில் வைக்கப்படும் வரை வெளியிடப்படக் கூடாது. மக்கள் கைக்கு வருவது இறுதி அறிக்கை, அதுவும் பெரும்பாலும் நான் எழுதிய அதே எழுவாயற்ற நடையில். பொதுக் கணக்குக் குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓராண்டு. ஒரு துறையின் கணக்கு முறை பிடிபடத் தொடங்கும்போது காலம் முடிந்துவிடும். கட்சி எல்லையும் குறுக்கே நிற்கிறது. 2011 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்த வரைவறிக்கை குழுவின் முன் வந்தபோது, 21 உறுப்பினர்களில் 11 பேர் அதை நிராகரித்தார்கள். வரைவில் சரியும் தவறும் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை சாட்சியங்களும் மூடிய அறையில் பெறப்பட்டதால், எந்தப் பக்கம் நியாயம் என்று எடைபோட மக்களிடம் செய்தித்தாள் கசிவுகளைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: சாட்சியம் பெறும் அமர்வுகளைத் திறக்க வேண்டும். உறுப்பினர்கள் தமக்குள் கலந்துபேசுவது மூடிய அறையிலேயே நடக்கட்டும். பாதுகாப்பு, உளவு, தனிமனிதரின் மருத்துவ விவரம், நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தப் பேச்சு ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். அந்த விலக்கைத் தலைவர் ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லி அறிவிக்கட்டும். மீதி எல்லாம் திறந்திருக்க வேண்டும். பிரிட்டனின் பொதுக் கணக்குக் குழு செயலாளர்களை விசாரிப்பதை யாரும் நேரலையில் பார்க்கலாம். மார்கரெட் ஹாட்ஜ் தலைவராக இருந்த காலத்தில் அக்குழு, வேறு பதவிக்குச் சென்றுவிட்ட பழைய செயலாளர்களையும் திரும்ப அழைத்து, அவர்கள் காலத்து முடிவுகளுக்கு அவர்களையே பதில் சொல்லச் செய்தது. இங்கே இன்று நாற்காலியில் இருப்பவர், தமக்கு முன் மூன்று பேர் எடுத்த முடிவுக்காகத் தலைகுனிந்து நிற்கிறார். தெரியாததற்குப் பதில் சொல்லச் சொல்வது அவருக்கும் கொடுமை, அவைக்கும் பயனில்லை.

கேமரா வந்தால் உறுப்பினர்கள் உண்மையைத் தேடுவதை விட்டுவிட்டுக் கைத்தட்டலுக்குப் பேசத் தொடங்குவார்கள் என்று நான் மதிக்கும் நண்பர் ஒருவர் சொல்கிறார். முன்பு ஒரு பேரவைச் செயலகத்தில் பணியாற்றியவர். மூடிய அறையில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் தோளோடு தோள் நின்று ஒரு செயலாளரைத் துளைத்தெடுத்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அந்த இழப்பு ஓரளவு நேரத்தான் செய்யும். ஆனாலும் தயாரிப்பின்றி வரும் உறுப்பினரும், முழுங்கி முழுங்கிப் பதில் சொல்லும் அலுவலரும் இன்று ஒருசேர மறைந்துகொள்ள அந்த அறை இடம் தருகிறது. மக்களவைக்கென்று 2006இலேயே தனித் தொலைக்காட்சி வந்துவிட்டது. கூச்சலில் அவை ஒத்திவைக்கப்படுவதை நாடே பார்க்கிறது. அதே உறுப்பினர்கள் பொறுமையாக அமர்ந்து கணக்குப் பார்க்கும் நேரத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நான் எழுதிய அந்தப் பத்தியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். துறையின் விளக்கம் ஏற்கப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று பத்தி கைவிடப்பட்டது. பதில் தயாரிப்பதற்காக மூலக் கோப்பை நான் முழுவதும் படித்திருந்தேன். குறிப்புப் பக்கத்தில் ஒரு கண்காணிப்பாளர், கட்டடப் பணி முடிய இன்னும் ஓராண்டு ஆகும், கொள்முதலை அதுவரை தள்ளிவைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, காரணம் எதுவும் இல்லாமல், "உடன் கொள்முதல் செய்க" என்ற மூன்று சொற்கள். அதன் அடியில் பச்சை மையில் ஒரு கையெழுத்து, தேதியோடு. குழுவுக்குத் தேவைப்பட்ட அனைத்தும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தைக் குழு கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நாங்களும் அனுப்பவில்லை.